கதவில்லாத ஹாலும் கண்ணைக் கரிக்கும் தாளிப்பும்

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வளாகங்களில் வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு மாதிரி பிளாட் வைத்திருப்பார்கள். வாசலைத் தாண்டினால் ஒரே நீளமாக ஹால். அதன் பாதியில் சாப்பாட்டு மேஜை. அதற்கும் அப்பால், இடுப்பு உயரக் கிரானைட் மேடைக்குப் பின்னால், அடுப்பும் சிம்னியும். நடுவே சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. பார்க்க விசாலமாக, வெளிச்சமாக, கொஞ்சம் சினிமாத்தனமாகக்கூட இருக்கும். அந்த வீட்டில் நடக்காத ஒரே விஷயம் குடித்தனம். அங்கே யாரும் வத்தக்குழம்புக்கு மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதில்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவதில்லை. காது மந்தமான பெரியவர் சீரியலைச் சத்தமாக வைப்பதில்லை. இந்த நான்கும் ஒரே நேரத்தில் நடக்கிற இடத்துக்குத்தான் வீடு என்று பெயர்.

இப்படிப்பட்ட ஹாலைப் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பிரிப்பது என்றதும் நம்மில் பலர் செய்வது என்னவென்றால், ஆசாரியைக் கூப்பிட்டு, பூவேலைப்பாடு வெட்டிய பலகை ஒன்றை நிறுத்தி, அதற்குப் பின்னால் மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டுக் காசைக் கொடுத்தனுப்புவது. அந்தப் பலகை கண்ணை மட்டும்தான் மறைக்கும், அதுவும் அரைகுறையாக. புகை அதன் ஓட்டைகள் வழியே வரும், சத்தம் அதன் தலைக்கு மேலே வரும், ஏசியின் குளிர்ச்சி அதன் பக்கவாட்டில் போகும். ஒரு தடுப்பை வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எதைத் தடுக்கவேண்டும்? புகையையா, ஒலியையா, குளிர்ச்சியையா, பார்வையையா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, செலவும் வேறு. முதல் மூன்றுக்கும் மூடித் திறக்கிற கதவு வேண்டும். நான்காவதற்குப் பெரும்பாலும் ஏற்கனவே வீட்டில் இருக்கிற பொருட்களே போதும். நாம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

திறந்த வீடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சில மயக்கங்கள் தெளியும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டைத்தான் இதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். சிகாகோவில் 1910இல் முடிந்த அவருடைய ராபி இல்லத்தில் வரவேற்பிடமும் சாப்பாட்டிடமும் ஒரே நீளத்தில் ஓடுகின்றன என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே கணப்படுப்பின் பெரிய செங்கல் தொகுதியை நிறுத்தியிருக்கிறார் ரைட். சமையலறையோ பின்பக்கம், வேலைக்காரர்களின் பகுதியில், தனியாக ஒதுங்கியிருக்கிறது. சமைக்கிற புகை ஹாலுக்கு வரும் ஏற்பாட்டை அவர் அங்கே செய்யவே இல்லை. கான்கிரீட் தூண்கள் பாரத்தைத் தாங்கினால் உள்சுவர்களை விருப்பம்போல வைக்கலாம், எடுக்கலாம் என்பதைக் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே 1914இலேயே தன் டோம்-இனோ வரைபடத்தில் காட்டினார். இன்னொரு கட்டடக் கலைஞரான மீஸ் வான் டெர் ரோ 1951இல் இலினாய் மாநிலத்தில் முடித்த பார்ன்ஸ்வொர்த் வீட்டில் குளியலறையையும் அடுப்பையும் அடக்கிய நடுத்தொகுதியைத் தவிர உள்ளே அறை என்று எதுவுமே இல்லை, சுற்றிலும் கண்ணாடி. அது தனியாக வாழ்ந்த ஒரு மருத்துவர் வார இறுதிகளில் போய்த் தங்குவதற்காகக் கட்டிய வீடு. அந்த ஒருவருக்கே அதில் அந்தரங்கம் போதவில்லை, பத்திரிகையிலேயே குறைப்பட்டுக்கொண்டார். ஒருவருக்கே போதாத ஏற்பாட்டை நாம் ஐந்து பேருக்கு எடுத்துக்கொண்டோம்.

நம் ஊருக்கு அது வந்ததற்குக் காரணம் கலை அல்ல, கணக்கு. சுவர் இடத்தைத் தின்றுவிடும் என்று கட்டுநர்கள் சொல்வார்கள். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பத்தடி நீளத்துக்கு எடுத்துக்கொள்ளும் இடம் நான்கு சதுர அடிக்கும் கீழே. இருபுறப் பூச்சையும் சேர்த்தால் ஐந்தைத் தொடாது. 350 சதுர அடி ஹாலில் இது நூற்றுக்கு ஒன்றரை கூட இல்லை. அந்த இடமும் கட்டுநருடைய நஷ்டம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்பெட் ஏரியாவுக்குத் தரும் விளக்கத்தில், வெளிச்சுவர்கள் கழிக்கப்படுகின்றன. பிளாட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் நின்ற இடம் சேர்த்துத்தான் எண்ணப்படுகிறது. அதாவது சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் கொடுக்கும் சதுர அடிக் காசு ஒன்றே. சுவர் இல்லையென்றால் செங்கல், சிமென்ட், பூச்சு, கதவு, நிலை எல்லாம் கட்டுநருக்கு மிச்சம். அந்த மிச்சத்துக்கு விளம்பரத்தில் 'நவீனம்' என்று பெயர். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் 2024இல் அறைகளைப் பிரிக்கும் உள்சுவர்கள் இல்லாத வீடுகளைக் காலாங் - வாம்போ வட்டாரத் திட்டம் ஒன்றில் சோதனையாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அங்கே சுவர் இல்லாததற்கு ஏற்ப விலையையும் குறைத்தார்கள். எந்த இடத்தில் எதைக் கொண்டு பிரிப்பது என்பது வாங்குகிறவரின் பொறுப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். நமக்குச் சுவரும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

நம் பழைய வீடுகளும் திறந்தவைதானே, முற்றத்தைச் சுற்றி எல்லாம் ஒன்றாகத்தானே இருந்தது என்று சிலர் கேட்கலாம். திறந்தவைதான், ஆனால் பிரிக்கப்படாதவை அல்ல. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், அடுக்களை, கொல்லை என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனிப்பெயர் இருந்தது, தனி வேலை இருந்தது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்கும், வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் போவதற்குள் பல நிலைகளைத் தாண்டவேண்டும். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை, பூட்டோடு. அடுப்பு எரிவது வீட்டின் கடைக்கோடியில். புகை கொல்லைப்பக்கம் போய்விடும். இதைச் சொல்வதால் பழைய வீட்டுக்குத் திரும்பவேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் எந்தப் படியைத் தாண்டலாம் என்பதைச் சாதியும் ஆண்பெண் வித்தியாசமும் முடிவுசெய்த வீடு அது. மாதவிலக்கான பெண்ணை மூலையில் உட்காரவைத்த வீடும் அதுதான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு சிறு நுட்பத்தை மட்டும்: சுவர் வைக்காத இடத்தில்கூட ஒரு தூணோ, வெளிச்ச வித்தியாசமோ, தரையின் மாற்றமோ 'இதுவரை இது, இனி அது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. (படியை மட்டும் நகலெடுக்க வேண்டாம். ஹாலின் நடுவே அழகுக்காக ஓர் அங்குலம் உயர்த்திக் கட்டுவது வயதானவர்களின் இடுப்பெலும்புக்குக் குழி வெட்டுவது.)

புகையிலிருந்து தொடங்கலாம், வழக்கில் வலுவான சாட்சி அதுதான். நம் சமையல் எண்ணெயைச் சூடேற்றிக் கடுகை வெடிக்கவிட்டுத் தொடங்கும் சமையல். அப்பளம், வடை, மீன் வறுவல், வரமிளகாய் எல்லாம் நுண்துகள்களையும் எண்ணெய் ஆவியையும் காற்றில் விடுபவை. சிம்னி இருக்கிறதே என்பார்கள். புகைக்குழாயை வெளியே விடாமல் வடிகட்டி மட்டும் வைத்த சிம்னி, எண்ணெய்ப் பிசுக்கில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறது. குழாய் வைத்த சிம்னியிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அட்டைப்பெட்டியில் மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று போட்டிருக்கும். 380 சதுர அடியில், பத்தடி உயரத்தில், ஹாலும் சமையலிடமும் சேர்ந்த வெளியின் மொத்தக் காற்றே ஏறத்தாழ 108 கன மீட்டர்தான். அட்டையில் போட்டபடி இழுத்தால் ஏழு நிமிடத்துக்குள் அவ்வளவு காற்றும் வெளியே போய்விடும். நடைமுறையில் பாதி வேகம் என்று வைத்தாலும் கால்மணி நேரம் ஆகாது. ஏசி போட்டுக் குளிரவைத்த காற்றும் அதோடு சேர்ந்துதான் போகிறது. சிம்னியை நிறுத்தினால் புகை, ஓட்டினால் மின்கட்டணம் என்ற இக்கட்டு ஹாலும் அடுப்பும் ஒரே வெளியில் இருப்பதால் மட்டுமே வருவது. இடையில் ஒரு தள்ளுகதவு இருந்தால், சமைக்கும் முக்கால் மணி நேரம் அதை மூடி, சமையலறை ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் விசிறியை ஓட்டினால் தீர்ந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தாளிக்கவும் பொரிக்கவும் ஒரு மூடிய சமையலறை, காபி போடவும் பழம் நறுக்கவும் ஒரு திறந்த மேடை என்று இரண்டாகப் பிரித்து, ஈரச் சமையலறை, உலர் சமையலறை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நம் பிளாட்டுகளில் யூட்டிலிட்டி என்று விடப்படும் ஒடுக்கமான இடத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் அதே ஏற்பாடு இங்கேயும் வந்துவிடும்.

வெப்பமும் இதே வகைதான். எரிவாயு அடுப்புகளுக்கான இந்தியத் தரநிலை எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வெப்பத்திறன் நூற்றுக்கு 68. தரமான அடுப்பிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமான வெப்பம் பாத்திரத்துக்குப் போகாமல் நேரே அறைக்கு வருகிறது. பாத்திரத்துக்குப் போனதும் ஆவியாக அங்கேதான் வெளிப்படும். மே மாதத்தில் ஒருபக்கம் அடுப்பு, மறுபக்கம் ஏசி என்று ஒரே ஹாலில் இரண்டையும் மோதவிடுவது வண்டியில் ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது.

ஒலி இன்னும் சிக்கலானது. அதைப் பற்றித்தான் அதிகம் ஏமாறுகிறோம். குடியிருப்புப் பகுதிகளில் வெளியே பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது நம் ஒலி மாசு விதிகளின் வரம்பு. வீட்டுக்குள் ஓடும் மிக்ஸி 80ஐத் தாண்டும். இதற்கு ஏழடிப் புத்தக அலமாரியோ, மூங்கில் தட்டியோ, திரைச்சீலையோ தடுப்பாகாது. பத்துக்குப் பத்தடி சுவரில் ஒரே ஒரு சதுர அடி திறப்பு இருந்தால், மிச்சச் சுவரை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் ஒலி 20 டெசிபலுக்கு மேல் குறையாது. இது இயற்பியல், அதோடு பேரம் பேச முடியாது. மேலே இரண்டடி விட்டு நிறுத்திய தடுப்பு ஒலியைப் பொறுத்தவரை அலங்காரம்தான். வழவழப்பான டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை என்பதால், கனமான திரையும் ஜமுக்காளமும் எதிரொலியைக் கொஞ்சம் தணிக்கும், மிக்ஸியை நிறுத்தாது. ஆகவே வீட்டில் ஓர் இடமாவது, நாற்பது சதுர அடியாக இருந்தாலும், கூரை வரை எழும்பிய தடுப்பும் இறுக்கமாக மூடும் கதவும் கொண்டதாக இருக்கவேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, ஒருவருக்கு ஆன்லைன் வகுப்பு, ஒருவருக்கு அலுவலகக் கூட்டம், ஒருவருக்கு டி.வி. என்று எல்லாமே ஒரே ஹாலுக்கு வந்து சேர்ந்தன. கதவின் விலை அப்போது பல வீடுகளுக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வது பலருக்கு அதன்பின் வாடிக்கையாகவே ஆகிவிட்டது. பிளாட்டின் வரைபடம் மட்டும் மாறவில்லை.

பார்வைக்கு வேண்டிய பிரிவினையோ மலிவானது. சோபாவின் முதுகைச் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திருப்பிப் போடுங்கள். ஹால் அங்கே முடிந்துவிடும். மேஜைக்கு நேர் மேலே விளக்கைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் சாப்பிடும் இடம் தனித்து நிற்கும். இருபுறமும் திறந்த அலமாரி, ஒரு பாய், ஊஞ்சல், கொஞ்சம் தொட்டிச் செடி என்று எதுவும் இந்த வேலையைச் செய்யும். வாசல் கதவைத் திறந்தால் லிப்டில் வருகிறவர்களுக்கு நம் சமையல் மேடை தெரிகிறது என்பதுதான் பலரின் முதல் குறை. அதற்கு வாசலுக்கு எதிரே நான்கடி அகலத்தில் ஒரு மறைப்பு போதும். பழைய வீட்டின் ரேழி செய்த வேலை அது. டி.வி.க்குப் பக்கத்துத் தட்டில் சாமி படங்களை வைத்துவிட்டு, விளக்கேற்றும்போது மட்டும் டி.வி.யை அணைக்கும் வீடுகளுக்கு இரண்டு மரக்கதவு கொண்ட ஒரு மாடம் போதும். இந்தப் பட்டியலில் எதற்கும் கொத்தனார் தேவையில்லை.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எளிதில் தள்ளிவிட முடியாதது: சுவர்தான் பெண்களை அடுக்களையில் பூட்டிவைத்தது, திறந்த சமையலறைதான் அவர்களைக் குடும்பத்தோடு சேர்த்தது, இப்போது மறுபடி அடைக்கச் சொல்கிறீர்களா? கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை உழைப்பைக் குறைக்கவென்றே வந்தது, ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைந்தது. ஆனால் ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அந்தச் சிறிய அறை பெண்ணைத் தனிமைப்படுத்திவிட்டது என்று பின்னாளில் பெண்ணியவாதிகள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். ஆனால் அதே சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஒரு தள்ளுகதவை வைத்திருந்தார். அம்மா சமைத்தபடியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் நோக்கம். நான் கேட்பதும் அதைத்தான். திறந்த மேடையால் சமையல் வேலை ஆண்களோடு பங்கு போடப்பட்டுவிட்டதா என்ன? சமைப்பவர் இப்போதும் பெரும்பாலும் பெண்தான். போதாததற்கு, விருந்தாளி வந்தால் கழுவாத பாத்திரமும் அவர் வியர்வையும் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று உள்ளே இருப்பவர் முடிவுசெய்யக்கூடிய கதவு அடைப்பு ஆகாது.

இரண்டாவது, காற்றும் வெளிச்சமும். கடற்காற்றை நம்பி வாழும் சென்னையில் தடுப்பு வைத்தால் புழுங்காதா? புழுங்கும், நிரந்தரச் சுவராக இருந்தால். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி, ஜன்னலிலிருந்து ஏழரை மீட்டருக்கு அப்பால் உள்ள இடத்தை வெளிச்சம் பெறும் இடமாகக் கணக்கிலேயே எடுக்கக் கூடாது. ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே இருபுறமும் ஜன்னல் உள்ள நீள ஹாலின் குறுக்கே செங்கல் சுவரை எழுப்புவது தவறு. கண்ணாடி பதித்த தள்ளுகதவும் மடிப்புக்கதவும் வெளிச்சத்தை விட்டுக்கொடுப்பதில்லை; பிற்பகலில் கிழக்கிலிருந்து காற்று வரும்போது முழுக்கத் திறந்துவிடலாம். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும்: காற்றுக்காக மேலே விடுகிற இடைவெளி ஒலிக்கும் வழிதான். இரண்டையும் ஒரே தடுப்பில் சாதிக்க முடியாது. படிக்கும் இடத்தில் ஒலியை நிறுத்துங்கள், மற்ற இடத்தில் காற்றை விடுங்கள்.

மூன்றாவது, இது வசதியானவர்களின் கவலை என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் நூற்றுக்கு 37 ஒரே அறையில் வாழ்ந்தன. அவர்களிடம் போய் சமையலறைக் கதவைப் பற்றிப் பேசுவதா? ஒரே அறையில் வாழ்பவர்கள்தான் இடத்தைப் பிரிப்பதில் நமக்கு வாத்தியார்கள். கொடியில் தொங்கும் பழைய புடவை இரவில் சுவராகும். பீரோவின் முதுகு ஒரு அறையின் எல்லையாகும். பிரிவினை ஆடம்பரமாக இருந்தால் அவர்கள் ஏன் அதைச் செய்கிறார்கள்? அரசு கட்டித்தரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அடுப்புக்கு ஒரு கதவும் பிள்ளைகள் படிக்க ஒரு மூலையும் இருக்கவேண்டும் என்ற கோரிக்கை, மாதிரி பிளாட்டைவிட அங்கேதான் அவசரமானது.

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குடியிருப்புகளில் கான்கிரீட் தளத்தின் மீது வரும் புழக்கப் பாரத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற அளவில்தான் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள். பத்தடி உயரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் பூச்சோடு சேர்ந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 800 கிலோ வரும். கீழே பீம் இருக்கிறதா என்று பார்க்காமல், பொறியாளரைக் கேட்காமல், தெரிந்த கொத்தனாரை நம்பி அதை எழுப்பக் கூடாது. இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு அடித்த தடுப்பு அதில் பத்தில் ஒரு பங்கு எடைதான். உள்ளே கல்கம்பளி நிரப்பினால் ஒலியையும் நன்றாகவே தடுக்கும். அடுப்புக்கும் சிங்க்குக்கும் பக்கத்தில் ஈரம் தாங்கும் போர்டோ சிமென்ட் போர்டோ போடுங்கள். மலிவான எம்.டி.எஃப். பலகை கடலோர ஈரத்தில் ஊதிப்போகும். அலுமினிய அச்சில் வார்த்த மிவான் கட்டடங்களில் சுவர்களே பாரம் தாங்குபவை. தடுப்பைச் சேர்க்கலாம், இருக்கும் சுவரை உடைத்து வழி செய்ய முடியாது. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கனமான திரையும் சக்கரம் வைத்த அலமாரியும்தான் கதி, அதற்குமேல் வீட்டுக்காரரின் மனசு.

வாங்கப்போகிறவர்கள் அடுத்த முறை மாதிரி பிளாட்டைப் பார்க்கும்போது சோபாவின் நிறத்தைப் பார்க்க வேண்டாம். அடுப்பு மேடை அருகே நின்று, படுக்கையறைக் கதவுக்கு எத்தனை அடி, நடுவே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையில் தள்ளுகதவு வைத்துத்தர எவ்வளவு ஆகும், அந்தச் சுவரைக் கட்டாமல் விட்டதற்கு விலையில் எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.